பதினோராவது நிமிடத்தில் அம்மா இறங்குகிறார்

இந்தக் குளிர்காலத்தில் என் தாயார் வாரத்துக்கு மூன்று நாள், பனிச்சப்பாத்தும் முழங்கால்வரை நீண்ட மேலங்கியும் அணிந்து, கென்னடி வீதியில் பேருந்துக்குக் காத்து நின்று, மூன்று தரிப்பு தள்ளி இறங்கி, நகராத சைக்கிள் ஒன்றில் ஏறி உழக்கிவிட்டு, மறுபடி பேருந்தில் ஏறி வீடு வந்தார். ஊரில் இருப்போருக்கு இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. பேருந்தை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காகவே யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிள் வைத்திருந்தோம். ரொறன்ரோவில், சைக்கிளிடம் போய்ச் சேர்வதற்கே பேருந்து வேண்டியிருக்கிறது.

அந்தச் சைக்கிளுக்குச் சில்லு இல்லை. இருக்கை உண்டு, ஹாண்டில் உண்டு, பெடல் உண்டு. முன்னால் சுவரில் ஓர் அகன்ற திரை உண்டு. பெடல் சுற்றினால் திரையில் ஒரு வீதி நம்மை நோக்கி வரும். பெடல் நின்றால் வீதியும் நின்றுவிடும். ஏற்றம் வந்தால் பெடல் இறுகும், இறக்கத்தில் இளகும். எந்த வீதியில் போவது என்பதை நாமே தெரிவு செய்யலாம்: பனிமலை, பாலைவனம், ஐரோப்பிய நகரம் ஒன்று. அம்மா முதல் நாளே கையை நீட்டிக் காட்டியது ‘ஐலண்ட் லூப்’ என்ற பெயர் போட்ட படத்தை. ஏதோ ஒரு வெப்பமண்டலத் தீவைச் சுற்றிவரும் மலைவீதி. எந்தத் தீவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. நீலக் கதவு போட்ட ஒரு கடையில் தொடங்கி, தென்னைகளுக்கு ஊடாக ஓடி, இடப்பக்கம் கடலை வைத்துக்கொண்டு அந்த வீதி மெல்ல மெல்ல மேலே ஏறும்.

எங்கள் ஊரில் ஏற்றம் என்று ஒன்று இல்லை. மதகு ஒன்றின் முதுகுதான் நாங்கள் கண்ட மலை. ஆகவே முதல் ஏற்றத்தில் பெடல் இறுகியபோது அம்மா திடுக்கிட்டு, “சோளகத்துக்கு எதிரா உழக்கிறமாதிரிக் கிடக்கு” என்றார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அவர் ஒவ்வொரு மாலையும் அப்படித்தான் வீடு வந்தார். எங்களுக்கு மேடு என்பது காற்றுதான். இரண்டாம் வாரத்துக்குள் அந்த வீதி அவருக்குச் சொந்த வீதியாகிவிட்டது. வளைவுகளுக்குப் பெயர் வைத்தார். தலையில்லாத் தென்னை நிற்கும் இடம் மொட்டைத்தென்னை முடக்கு. நடுவீதியில் ஒரு மண்ணிற நாய் படுத்திருக்கும் இடம் நாய் முடக்கு. “உவன் இண்டைக்கும் எழும்பேல்லை” என்று ஒவ்வொரு தடவையும் அந்த நாயைக் குறை சொன்னார்.

அம்மாவின் வலது முழங்காலை மார்கழித் தொடக்கத்தில் மாற்றியிருந்தார்கள். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் ஆறு ஆண்டுகள் நின்ற நிலையில் வேலை செய்த கால் அது. அவருடைய இடத்தைப் பங்குனி முடியும்வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள், இந்தக் கால் நின்று வேலை செய்யத் தாங்கும் என்று, அந்தச் சைக்கிள் இருந்த கிளினிக்கின் பிசியோதெரபிஸ்ட் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வேண்டும். கடிதத்துக்கு அவர் வைத்த தேர்வு எளிமையானது: அந்தச் சைக்கிளில் இருபது நிமிடம், நிறுத்தாமல், அடுத்தடுத்த மூன்று வருகைகளில்.

அந்த வேலை ஏன் அவருக்கு அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா எங்களுக்கு முன்பே வந்து, பிறம்ரனிலிருந்து நெடுந்தூர ட்றக் ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் அவருடைய வீடு வீதிதான். ஆகவே வங்கிக்கும் வைத்தியரிடமும் வீட்டு முகாமையாளரிடமும் அம்மாவோடு போனவன் நான். போனேன் என்பதைவிடப் பேசினேன் என்பதே சரி. ஊரில் என் பாடசாலையின் விவாத அணிக்குத் தலைவனாக இருந்தவன். பதினேழு வயதில் இங்கே வந்து, இரண்டே ஆண்டுகளில் இங்குள்ள தமிழ் மேடைகளில் என் பெயரைச் சொன்னால் எதிரணி தாளைப் புரட்டும் நிலைக்கு வந்தவன். தொகுப்புரை சொல்ல என்னை விட்டால் வேறு யார் என்று நான் எண்ணிய காலம் உண்டு; இன்னமும் முழுதாக நீங்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு, கூடவே நிற்கும் தாய்க்காக நாலு வரி ஆங்கிலம் பேசுவது எம்மாத்திரம்! எல்லா இடத்திலும் அவருக்காக நானே பேசினேன். அந்தச் சமையலறை ஒன்றுக்கு மட்டும் நான் போகவில்லை. அந்த வேலையை அவர் தானே தேடி, தானே கேட்டு, தானே பெற்றார். அங்கே அவர் பேசும் ஆங்கிலத்தை நான் கேட்டதில்லை.

தை மாத முடிவில் அம்மா ஐந்து நிமிடம் உழக்கினார். பிறகு ஏழு, ஒன்பது. பிறகு பதினொன்று. பதினொன்றில் நின்றுவிட்டார். அடுத்த நாளும் பதினொன்று, அதற்கு அடுத்த நாளும் பதினொன்று. வேகம் குறையும், கால் நிற்கும், இறங்கிவிடுவார்.

பிசியோதெரபிஸ்டின் பெயர் கெவின். செம்பட்டைத் தாடி வைத்த, முப்பது வயது மதிக்கத்தக்க, மிகவும் நல்ல மனிதர். முதல் தடவை, இருக்கை உயரம் போலும் என்று அதைப் பதித்தார். இரண்டாம் தடவை, பதித்தது பிழை போலும் என்று உயர்த்தினார். மூன்றாம் தடவை குரலைத் தாழ்த்தி, கழிவறை அந்தப் பக்கம் இருக்கிறது என்று கைகாட்டினார். அம்மா அவருக்கு நன்றி சொன்னார்.

“அம்மா, நோகுதா?” என்று நான் கேட்டேன்.

“இல்லை.”

“களைப்பா?”

“இல்லையடா.”

“அப்ப ஏன் இறங்கினீங்கள்?”

“காணும், போதும் இண்டைக்கு” என்று மேலங்கியைக் கையில் எடுத்தார்.

கெவின் என் முகத்தைப் பார்த்தார். பதில் இல்லாமல் ஒரு கேள்வியை விட்டுவைப்பது என் பழக்கமன்று. அம்மாவுக்குக் களைப்பு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கெவின் அதைக் குறித்துக்கொண்டார். நான்காவது தடவையும் பதினொன்றில் நின்றபோது அவர் அந்தக் குறிப்புகளை என்னிடம் காட்டி வருத்தத்தோடு பேசினார். ஒரே நேரத்தில் ஒரே களைப்பு வருவதென்றால் உள்ளே ஏதோ சரியில்லை. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் அறுவைச் சிகிச்சை செய்த வைத்தியரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். கடிதத்தைச் சித்திரைக்கு முன் எதிர்பார்க்க முடியாது. சித்திரையில் அந்த இடம் இருக்காது. அம்மா வெளியே பேருந்துத் தரிப்பில் நின்று, “என்னவாம்?” என்று கேட்டார். சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார். 

அன்று மாலை ஸ்காபரோப் பகுதியில், டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டில், அம்மாவுக்கு முன்னால் நான் ஓர் உரை நிகழ்த்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மனவுறுதி பற்றி, தடையைத் தாண்டுதல் பற்றி, இதுவரை எத்தனையோ தாண்டி வந்த நாம் ஒன்பது நிமிடத்தைத் தாண்ட முடியாதா என்பது பற்றி. மேடையில் அது நன்றாகவே எடுபட்டிருக்கும்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “முடிஞ்சுதா?” என்றார்.

“முடிஞ்சுது.”

“அப்ப எதிரணியைக் கூப்பிடு. ஒருத்தரும் வராட்டி இந்த வெங்காயத்தை உரி.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது. சங்கதியைச் சொன்னேன். பின்னணியில் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது.

“பதினோராம் நிமிசத்தில நிக்கிறா, அப்பா. ஒவ்வொரு நாளும் பதினோராம் நிமிசம்.”

“எந்த இடத்தில?”

“பதினோராம் நிமிசத்தில எண்டு சொல்லுறன்.”

“டேய், நிமிசத்தை விடு. நான் கேக்கிறது இடம். ரோட்டில போறவன் நிமிசம் பாத்து நிக்கமாட்டான். ஒண்டைக் கண்டுதான் நிப்பான். உன்ர கொம்மா எதைக் கண்டு நிக்கிறா எண்டு பார்.”

அடுத்த தடவை நான் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்தேன். அதுவரை அந்த அரை மணி நேரத்தை நான் வாசல் நாற்காலியில், வரவிருந்த ஒரு விவாதத்துக்குக் குறிப்பெடுப்பதில் கழித்து வந்திருந்தேன். புலம்பெயர்ந்து பெற்றதே அதிகம் என்று நிறுவுவது என் பக்கம். (அந்த விவாதத்தில் நாங்கள் வென்றோம். அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை.) அன்றுதான் அந்தத் தீவை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். மொட்டைத்தென்னை வந்தது, போனது. நாய் எழும்பவில்லை. வாழைத்தோட்டம் ஒன்றைக் கடந்து வீதி வலப்பக்கம் வளைந்தது. வளைவு முடிந்த இடத்தில், தகரம் வேய்ந்த ஒரு சிறு காவற்கூடு. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய ஒரு தடைக்கம்பு. கம்பு உயர்த்தித்தான் இருந்தது. வழி திறந்துதான் கிடந்தது. கூட்டுக்கு முன்னால் பச்சைச் சட்டையும் தொப்பியும் அணிந்த ஒரு மனிதர் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

திரையை விட்டு அம்மாவைப் பார்த்தேன். கால்கள் தளர்ந்தன. கூடு நெருங்குவதற்கு நாலைந்து பாக தூரம் முன்னதாகவே பெடல் நின்றது. அவர் இறங்கினார். இறங்கிய பின்னும் இரண்டு கைகளும் ஹாண்டிலை விடவில்லை. தலை சற்றே கவிழ்ந்திருந்தது. கண்கள், முன்சில்லு இருக்க வேண்டிய, ஆனால் இல்லாத, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

யாழ்ப்பாணத்தில், எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். காலையில் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிப் பாடசாலையில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவார். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் இரண்டு இராணுவக் காவலரண்கள் இருந்தன. நாங்கள் சென்றி என்போம். சென்றிக்கு முன்னால் மண் நிரப்பிய தார்ப்பீப்பா ஒன்று இருக்கும். அந்தப் பீப்பாவில் இறங்க வேண்டும். சைக்கிளை உருட்டிக்கொண்டு, தொப்பி போட்டிருந்தால் கழற்றிக்கொண்டு, அடுத்த பீப்பாவரை நடக்க வேண்டும். அதற்குப் பிறகு ஏறலாம். மழையிலும் அப்படித்தான், காய்ச்சலிலும் அப்படித்தான். என் காலடிக்கு அது நாற்பது எட்டு. இதை யாரும் எங்களுக்கு ஒரு துன்பமாகச் சொல்லித் தந்ததில்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல, சென்றிக்கு இறங்குவது.

வாயோயாமல் பேசும் பிள்ளை நான். பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கிய உரையைக் கரியரில் இருந்தபடி அம்மாவின் முதுகைப் பார்த்து உரத்துச் சொல்லிக்கொண்டு போவேன். பீப்பா தெரிந்ததும் அம்மா, “இப்ப வாயை மூடு, அப்பன்” என்பார். நாற்பது எட்டும் மௌனம். சில்லின் கிரிக்கிரி ஓசை மட்டும் கேட்கும். அடுத்த பீப்பாவில் என்னைத் தூக்கி ஏற்றிவிட்டு, “ம், இப்ப சொல்லு. எதில விட்டனி?” என்பார். விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். மேடையில் நான் உச்சத்தில் நிறுத்தி, சபையைக் காக்கவைத்து, பிறகு தொடரும் அந்த இடைவெளியை நடுவர்கள் பலர் பாராட்டியிருக்கிறார்கள். பயிற்சி எங்கே என்று கேட்டவர்களுக்கு என் ஆசிரியரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் அம்மா ஏதோ யோசனையில் பீப்பாவைத் தாண்டி இரண்டு பாக தூரம் போய்விட்டார். விசில் சத்தம். மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். அவன் அதட்டவில்லை, அடிக்கவில்லை. கையால் வட்டம் போட்டுக் காட்டினான்: திரும்பிப் போ, முதலிலிருந்து நடந்து வா. வந்தோம். அவன் மறுபடி வட்டம் போட்டான். மறுபடி போய் மறுபடி வந்தோம். சிரித்துக்கொண்டுதான் செய்தான், அவனுக்கு அன்று பொழுது போகவில்லை போலும். அம்மா அதற்குப் பிறகு ஒரு நாளும் பீப்பாவைத் தவறவிடவில்லை.

கிளினிக்கில், நகராத சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற அவரைப் பார்த்தபோது, அந்தப் பொறியின் கொடுமை எனக்கு விளங்கியது. ஊரில் இறங்கி நடந்தால் சென்றி பின்னால் போய்விடும். இங்கே இறங்கினால் வீதி நின்றுவிடும். காவற்கூடு முன்னாலேயே நிற்கும். எவ்வளவு நேரம் தலை கவிழ்ந்து நின்றாலும் அந்த மனிதர் கதிரையைவிட்டு எழும்பப் போவதில்லை. நடந்து கடக்க வழியே இல்லை. ஆகவே அம்மா நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார், நாலு தடவையும், அன்றும்.

பேருந்தில் அருகருகே இருந்தோம்.

“அம்மா, அதைச் சென்றி எண்டு நினைச்சனீங்களோ?”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “நினைக்கேல்லை.”

“பேந்து?”

“நினைச்சிருந்தா இறங்கியிருக்கமாட்டன். படம் எண்டு தெரியாத விசரியே நான்? நினைக்க முதல் கால் இறங்கீட்டுது.”

“அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே.”

“நீ கேட்டனியே? நோகுதோ, களைப்போ எண்டு ரெண்டு கேட்டாய். ரெண்டும் இல்லை எண்டு சொன்னன். பேந்து நீ அவனோட இங்கிலீசில கதைச்சு முடிச்சிட்டாய். டயேர்ட் எண்டு சொன்னனி. அவ்வளவு எனக்கும் விளங்கும்.”

எதிரணி என்னை இப்படி ஒரு நாளும் மடக்கியதில்லை. பெற்றோருக்கு மொழிபெயர்த்தே வளர்ந்த என் வயதினர் இந்த நகரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாம் அவர்கள் சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை. அந்த அளவுக்கு நேர்மையானவர்கள்தாம். அவர்கள் சொல்லாததைத்தான் நாம் நிரப்பிவிடுகிறோம்.

அடுத்த தடவை கெவினிடம் நான் உண்மையைச் சொல்லத் தீர்மானித்தேன். இரவெல்லாம் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். எங்கள் நாட்டில் ஒரு போர் நடந்தது என்று தொடங்கினேன். பின்னணி, பின்னணிக்குப் பின்னணி, காவலரண்களின் நடைமுறை, உடலில் தங்கிவிடும் நினைவு. நான் பேசப் பேசக் கெவினின் முகம் வெளிறியது. ஒரு கட்டத்தில் அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். இந்தப் படத்தைப் போட்டதற்குத் தன்னை மன்னிக்க வேண்டும் என்றார். உடனே எடுத்துவிடுகிறேன் என்றார். மன அதிர்ச்சிக்கு உதவுவோரின் தொலைபேசி எண் அடங்கிய தாள் ஒன்றை மேசையில் தேடினார்.

அம்மா என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். “என்னத்தையடா இவ்வளவு நேரம் சொன்னனி? அவன் பாவம், அழப்போறான்போலக் கிடக்கு. அங்கால நில்.”

பிறகு அவர் கெவினின் முன்னால் போய் நின்றார். நான் பேசும்போது கெவின் திரையில் வரவழைத்திருந்த காவற்கூட்டை விரலால் காட்டினார்.

“கெவின். நோ பெயின். நோ டயேர்ட். திஸ் பிளேஸ், சைக்கிள் நோ சிற். கெற் டவுன். வோக், வோக், வோக். தென் சிற்.” கையைத் தன் நெஞ்சில் வைத்து, “மை கன்றி. ரூல்” என்றார்.

“ரூல்?” என்றார் கெவின்.

“ஓல்ட் ரூல்.”

கெவின் திரையைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். அவருடைய முகத்துக்கு இரத்தம் திரும்பி வந்தது. வேறு வீதி போடட்டுமா, பனிமலை நன்றாக இருக்கும் என்று கேட்டார். அம்மா மறுத்துத் தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார்: “இதைமட்டும் சொல்லு. அங்கால என்ன கிடக்கெண்டு பாக்காம நான் விடமாட்டன்.”

சொன்னேன். அவர் சொன்னதை மட்டும் சொன்னேன்.

கெவின் நாடியைத் தடவி யோசித்தார். நிறுத்தாமல் என்றால், கால் ஓயாமல் என்றுதான் பொருள் என்றார். இறங்குவதும், நின்ற இடத்தில் நடப்பதும், மறுபடி ஏறுவதும் முழங்காலுக்கு உழக்குவதைவிடக் கடினம். அதைச் செய்து காட்டுவாரானால் தான் அதைக் கழிக்கப் போவதில்லை, கணக்கில் சேர்க்கப் போகிறேன் என்றார். ஆனால் அம்மா கீழே நடக்கும்போது பெடலைச் சுற்ற ஒருவர் வேண்டும்.

அப்படித்தான், அன்று பதினோராவது நிமிடத்தில், அறிவும் அலங்காரமும் நிறைந்த இந்தப் பேச்சாளன் ரொறன்ரோவில் ஒரு கிளினிக்கின் கம்பளத்தில் முழந்தாளிட்டு, கையால் பெடல் சுற்றினான். அம்மா ஹாண்டிலைப் பிடித்தபடி நின்ற இடத்தில் நடந்தார். இடது, வலது, இடது, வலது. பெடலின் ஓசை மட்டும் கேட்டது. காவற்கூடு மெல்ல மெல்ல நகர்ந்து எங்களருகே வந்தது. இவ்வளவு கிட்டத்தில் அந்த மனிதரை நாங்கள் பார்த்ததில்லை. அவர் வீதியைப் பார்க்கவேயில்லை. மடியில் ஒரு மாம்பழம். அதைக் கத்தியால் தோல் சீவிக்கொண்டிருந்தார். காலில் இரப்பர் செருப்பு.

“செருப்புப் போட்டிருக்கிறான்” என்று அம்மா மெதுவாகச் சொன்னார். “ஆமிக்காரன் இல்லை. ரிக்கற் குடுக்கிறவன்போல.”

“அப்ப ஏறுவமா?” என்று தரையிலிருந்து கேட்டேன்.

நடை நிற்கவில்லை. “எண்டாலும் நடப்பம்” என்றார்.

நாற்பது எட்டு நடந்தார். நான் எண்ணினேன். பிறகு ஏறினார். அன்று இருபத்தொரு நிமிடம்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். முதலில் நாலு செங்குத்தான முடக்குகள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “சோளகம், சோளகம்” என்று முணுமுணுத்தபடி ஏறினார். அதற்கு மேல் மலையின் முதுகு. அங்கே இருபக்கமும் கடல். இரண்டாம் தடவை அந்த உச்சிக்கு வந்தபோது அவர் வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கக் கடலைப் பார்த்தார், மறுபக்கக் கடலைப் பார்த்தார். “உது எந்த நாடு எண்டு அவனைக் கேள்” என்றார். கேட்டேன். கெவினுக்குத் தெரியவில்லை. தானும் ஒரு தீவில், நியூஃபவுண்ட்லாந்தில், பிறந்தவன்தான், ஆனால் அங்கே தென்னை இல்லை என்றார். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. “இவனும் தீவுக்காரனோ? அதுதான் கேட்டவுடன விளங்கினது” என்றார். என்னுடைய நீண்ட உரையை அவர் குறிப்பிடவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

மூன்றாம் தடவை பங்குனி இரண்டாம் வாரத்தில். வெளியே பனி உருகி, நடைபாதை முழுவதும் சேறு. அன்றும் அம்மா காவற்கூட்டில் இறங்கினார். இறங்காமல் போயிருப்பார் என்று எழுதினால் கட்டுரைக்கு நல்ல முடிவாக இருந்திருக்கும், நடந்தது அதுவல்ல. இறங்கினார், நான் முழந்தாளிட்டேன், நடந்தார், ஏறினார். இருபது நிமிடம் கடந்ததும் கெவின் கையுயர்த்தினார். அம்மா இறங்கி வந்து மேசையருகே நின்றார். கெவின் கடிதத்தில் கையெழுத்திட்டார். வேலைக்கு எப்போது திரும்ப விருப்பம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. “மண்டே” என்றார் அம்மா. “மோர்ணிங் சிக்ஸ்.”

கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பையில் வைத்தார். நான் அவருடைய மேலங்கியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதை வாங்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீதி மலையுச்சியைத் தாண்டி, இறக்கத்தின் தொடக்கத்தில், அவர் விட்ட இடத்தில் நின்றது. சுற்றுவீதியின் மிச்சத்தை நாங்கள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

“கெவின்,” என்றார், “லிற்றில் மோர்?”

அடுத்தவர் வாசலில் காத்திருந்தார். கெவின் மணிக்கூட்டைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார்.

இந்தத் தடவை அம்மா வழக்கம்போலச் சைக்கிளருகே போட்டிருந்த படியில் கால்வைத்து ஏறவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் லேடீஸ் சைக்கிளில் ஏறுவதுபோல, பக்கத்தில் நின்று, இடது காலைப் பெடலில் வைத்தார். வலது காலால், மாற்றிய முழங்காலுடைய அந்தக் காலால், நிலத்தை உந்தினார். ஓர் உந்து. இரண்டு. சைக்கிள் எங்கே நகரும்? கிளினிக்கின் கம்பளம்தான் சற்றுச் சுருங்கியது. ஆனால் அவருடைய பாரத்தில் பெடல் கீழே இறங்க, திரையில் அந்த வீதி ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அம்மா மூன்றாவது உந்தை உந்தவில்லை. ஒரு கால் அந்தப் பெயர் தெரியாத தீவின் இறக்கத்தில், ஒரு கால் ஸ்காபரோவின் தரையில், கைகள் ஹாண்டிலில். ஏறுவதற்கு அவசரப்படாமல், இறங்கும் எண்ணமும் இல்லாமல், கீழே விரியும் கடலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.